ஸ்டிக்கர் ஒட்டிய கேமரா

கேட்டில் இருந்த செக்யூரிட்டி தணிகாசலம் அருள்பாண்டியின் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மூன்று கேமரா, முன்பக்கம் ஒன்று. மேசை டிராயரிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்து, நகத்தால் கிள்ளி, முன்னும் பின்னும் ஒட்டிக் கட்டைவிரலால் நான்கு மூலையையும் அழுத்தினார். "உள்ள இருக்க சொல்லோ இத்த எடுக்கக் கூடாது சார். கொஞ்சம் கிழிஞ்சாகூட ரிப்போர்ட் போயிடும்" என்றார். பிறகு விசிட்டர் அட்டையை நீட்டிக்கொண்டே, "மொதவாட்டி வர்றீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றான் அருள்பாண்டி.

மூன்று வருடம் இதே மேசைக்கு முன்னால், இதே மனிதரிடம், வரிசையில் நின்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனவன் அவன். அப்போது நீலத் தொப்பி, நீலச் சட்டை, கழுத்தில் காண்டிராக்ட் அடையாள அட்டை. பெயரெல்லாம் தணிகாசலத்துக்குத் தேவைப்பட்டதில்லை. "தே, தொப்பி, நவுரு" என்பார். இப்போது இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் தோளில் லேப்டாப் பையும் சேர்ந்து அவனை சார் ஆக்கியிருந்தன. அவர் அடையாளம் கண்டுகொள்ளாததில் ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வருகிறதே என்று அடுத்த நொடியே உடம்பு கூசியது. கூச்சத்தைப் பையோடு சேர்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே நடந்தான்.

அவன் வந்தது ஒரு விசாரணைக்கு. போன வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து, வளாகத்துக்குள் நின்ற கம்பெனி பஸ்ஸில் ஏறிய ஒரு பெண் போன் கேமராவின் ஸ்டிக்கரை உரித்திருக்கிறாள்; அது கிழிந்துபோய் கேட்டில் பிடிபட்டிருக்கிறாள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரேதான் புது மாடலுக்கான சோதனைக் கூடம். அதைப் படம் பிடித்தாளா என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம். படம் பிடிக்கவில்லை, பஸ் அட்டெண்டன்ஸ்தான் போட்டேன் என்கிறாள் அவள். அந்த அட்டெண்டன்ஸைப் பதிவு செய்யும் வலைத்தளத்தைக் கட்டியவன் அருள்பாண்டி. பதிவுகளோடு வந்து காட்டச் சொல்லி மெயில் வந்திருந்தது. அந்த மெயிலில் பெண்ணின் பெயர் இருந்தது. சுகப்பிரியா, டோக்கன் 4486, லைன் மூன்று.

மெயிலைப் படித்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கதை நான்கு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, முட்டை பப்ஸ் வாசனை ஏறிவரும் மாடியறையில் சுபாஷின் கம்பெனி இருக்கிறது. சுபாஷ் உள்ளூர்க்காரர். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது ஏதோ ஒரு தொழிற்சாலையின் பார்க்கிங் இருக்கிறது. நிலம் விற்ற பணத்தில் மகன் முதலாளி ஆகியிருந்தார். வேலைக்கு ஐந்து பேர். கல்யாண மண்டபம், டிரைவிங் ஸ்கூல், வாலாஜாபாத் அரிசி மில் என்று சில்லறை வெப்சைட்டுகளாகப் பண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு முதல்முறையாக ஒரு பெரிய தொழிற்சாலையின் வேலை கிடைத்தது. ஹாஸ்டல்களிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் காண்டிராக்ட் ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காலையில் யார் ஏறினார்கள், ஷிஃப்ட் முடிந்து யார் ஏறினார்கள் என்பது அன்றன்றைக்கே தெரியவேண்டும். அவ்வளவுதான் வேலை.

"எதுல கட்டலாம் அருளு? எனக்கு இந்த ஃப்ரேம்வொர்க் கத எல்லாம் பிரியாது. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றார் சுபாஷ். அப்படி ஒருவர் தன்னிடம் முடிவை ஒப்படைத்தது அருள்பாண்டிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. லைனில் இருந்தபோது எந்த ஸ்குரூவை எந்தத் துளையில் முடுக்குவது என்பதுகூட அவன் கையில் இருந்ததில்லை.

ஒரு கோடு போட்ட நோட்டில் நடுவே கோடு இழுத்து இரண்டு பக்கமாக எழுதினான். இடது பக்கம், பழைய வழி. பி.எச்.பி.யில் சாதாரணப் பக்கம்; டோக்கன் நம்பரை அடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வலது பக்கம், புது வழி. ரியாக்ட்டில் கட்டுவது; போன் கேமரா தானே திறக்கும், பஸ் கதவில் ஒட்டிய க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டினால் பச்சை டிக் சுழன்று வரும், மேனேஜருக்கு வரைபடம் அசையும். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், முதலாவது சோற்றைச் சமைத்துப் பொட்டலம் கட்டி அனுப்புவது. இரண்டாவது அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாவற்றையும் அனுப்பி, போனையே சமைத்துக்கொள்ளச் சொல்வது. இரண்டிலும் தப்பில்லை. யாருக்குச் சோறு போடுகிறோம் என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அவனுக்கு அது தெரியும். நோட்டில் இடது பக்கம் முதல் வரியாகவே எழுதினான்: 'எந்தப் போனிலும் ஓடும்.' இரண்டாவது வரியாக எழுதினான்: 'கேமரா வேண்டாம். திரும்பும் பஸ் கேட்டுக்கு உள்ளே நிற்கிறது. அங்கே எல்லார் போனிலும் ஸ்டிக்கர் இருக்கும்.'

இந்த இரண்டாவது வரி சுபாஷுக்குத் தெரியாது. தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி கலைமதிக்கு ஸ்டிக்கர் விதி தெரியும், பஸ்ஸில் ஏறும்போதும் அது போனில் இருக்கும் என்பது தோன்றியிருக்காது. ஸ்டாஃப் போனுக்கு ஸ்டிக்கர் கிடையாது, பச்சை அட்டையைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். மூன்று வருடம் அந்த பஸ்ஸில் ஏறியவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வீடியோ காலில் பேசிய அன்று கலைமதி சிரித்த முகமாகத்தான் இருந்தார். "அருள், நீங்க எங்க ப்ளான்ட்டைப் பார்த்திருக்கீங்களா?" என்று சும்மா, பேச்சை ஆரம்பிப்பதற்காகக் கேட்டார்.

பக்கத்தில் சுபாஷ் உட்கார்ந்திருந்தார். அருள்பாண்டி அவரிடம் கொடுத்த பயோடேட்டாவில் அந்த மூன்று வருடத்துக்கு எதிரே 'ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பர்' என்று இருந்தது. "இல்ல மேடம்" என்றான்.

பார்க்காத ப்ளான்ட்டின் ஸ்டிக்கரைப் பற்றி எப்படிப் பேசுவது? அந்த ஒரு வார்த்தையோடு இடது பக்கத்தின் இரண்டாவது வரி செத்துப்போனது. சும்மா சாகவில்லை, அதற்குத் துணையாக வேறொன்றும் இருந்தது. முந்தின வாரம்தான் ஓ.எம்.ஆர். சாலையில், சோழிங்கநல்லூரில் இருக்கும் ஐ.டி. கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பெண் போனில் பேசி, "ரியாக்ட்ல லைவ் ப்ராஜெக்ட் இருந்தா திரும்ப அப்ளை பண்ணுங்க" என்றிருந்தாள். அவன் வலது பக்கத்தைத் தேர்ந்தெடுத்தான். சுபாஷ் தோளில் தட்டிக்கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் முதுகில் ஏறித்தான் ஓ.எம்.ஆர். எட்டிப் பார்க்கப்போகிறோம் என்பது அப்போதே அவனுக்கு ஓரமாகத் தெரிந்திருந்தது. தெரியாததுபோல வேலையில் மும்முரமானான்.

இன்னொன்றும் செய்தான். ஆட்களின் பட்டியல் எக்செல்லில் வந்த அன்று, வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் 4471 என்று தேடினான். வேலையை விட்டவர்களின் வரிசையில் இருந்தது. அருள்பாண்டி ம., லைன் மூன்று, சேர்ந்த தேதி, விலகிய தேதி, நீலத் தொப்பியோடு ஒரு போட்டோ. அறையில் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அந்த வரியை அழித்தான். தன் பெயரைத் தானே அழிப்பது இவ்வளவு சுலபம் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

தளம் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம் சுபாஷ் கேட்டார். "ரிட்டர்ன் பஸ்ல ஸ்கேன் ஆவலன்னு சூப்பர்வைசருங்க சொல்லிகினு கீறாங்களாம். இன்னா பிரச்சன?" அதற்கு அருள்பாண்டி சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் அவனுக்குக் காது சுடும். "அவங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல சார். ட்ரெய்னிங் குடுக்கச் சொல்லுங்க."

ட்ரெய்னிங் யாரும் கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பதிவுகள் மட்டும் மளமளவென்று சரியாக விழத் தொடங்கின. எப்படி விழுகின்றன என்று அவன் யாரையும் கேட்கவில்லை. ஸ்டிக்கரின் ஒரு மூலையைப் பூப்போல நகத்தால் தூக்கி, காட்டிவிட்டு, திரும்ப அழுத்திவிடுகிறார்கள் என்பது கேட்காமலே தெரிந்தது. அட்டெண்டன்ஸ் விழாவிட்டால் பஸ் கிளம்பாது. மூன்று நாள் விழாவிட்டால் கேட் பாஸ் தானாக முடங்கும். அந்த விதியையும் கலைமதி கேட்டார், அவன்தான் எழுதிக் கொடுத்தான்.

விசாரணை அறையில் ஏ.சி. குளிர் அதிகம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் கலைமதி. மேசையின் கோடியில் நின்றுகொண்டிருந்தாள் சுகப்பிரியா. நாற்காலிகள் ஆறு காலியாக இருந்தும் அவளை யாரும் உட்காரச் சொல்லியிருக்கவில்லை. உள்ளே வந்தவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கண் லேசாக விரிந்தது. பிறகு பார்வையைக் கார்பெட்டுக்கு இறக்கிக்கொண்டாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்த்ததுபோல.

தெரியாத ஆளா அவன்? லைன் மூன்றில் கார் ஜன்னல் சுவிட்ச் கோக்கும் இடத்தில் அவனுக்கு அடுத்த ஸ்டேஷன் அவளுடையது. அவன் ஓட்டப்பிடாரம் பக்கம், அவள் சங்கரன்கோவில் பக்கம். போன் லாக்கரில் இருக்கும் என்பதால் ராத்திரி படித்த கம்ப்யூட்டர் கோடிங்கை அவன், பழுதான பாகங்களில் கட்டும் மஞ்சள் நிற ரிஜெக்ட் சீட்டுகளின் பின்பக்கம் எழுதிப் பழகுவான். சீட்டு தீர்ந்தால் அவள் தன் பங்கிலிருந்து நாலைந்தை எடுத்து, சூப்பர்வைசர் திரும்பும் நேரம் பார்த்து, அவன் டிரேயில் போடுவாள். "எழுதுங்கண்ணே, நம்ம லைன்லருந்து ஒரு ஆளாவது ஏ.சி. ரூமுக்குப் போகட்டும்" என்பாள். இரவெல்லாம் படித்துக் கண் செருகும் நாட்களில் அவன் கையிலிருந்து தவறும் சுவிட்சுகளையும் சேர்த்து அவளே முடுக்கியிருக்கிறாள்.

அந்த ஏ.சி. ரூமுக்குத்தான் அவன் இப்போது வந்திருந்தான்.

"அருள், வியாழக்கிழமை இரண்டு முப்பத்தெட்டு. இந்த டோக்கன் ஸ்கேன் பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டார் கலைமதி.

லேப்டாப்பைத் திறந்தான். பதிவுகளை எடுத்தான். "பண்ணியிருக்காங்க மேடம். இரண்டு முப்பத்தெட்டு, பன்னிரண்டாவது செகண்ட்."

சுகப்பிரியாவின் தோள் ஒரு மூச்சுக்குத் தளர்ந்தது. அவனுக்கும் அப்படித்தான், இதோடு முடிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

"சரி, போட்டோ எடுக்கலன்னு வச்சுக்கறேன்" என்றார் கலைமதி. குரலில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆனா கேமராவத் தெறந்தது உறுதியாயிடுச்சே. இருநூத்துப் பன்னெண்டு பேர் தினமும் ஸ்கேன் பண்றாங்க. நீ மட்டும் ஏம்மா ஸ்டிக்கரக் கிழிச்ச?"

சுகப்பிரியா கழுத்து அட்டையின் நாடாவை விரலில் சுற்றினாள்.

கலைமதி அவன் பக்கம் திரும்பினார். "மத்தவங்க எப்படிப் பண்றாங்க அருள்? ஸ்டிக்கர் இருந்தாலும் அட்டெண்டன்ஸ் போட வழி இருக்கா இல்லையா?"

கேள்வி அவ்வளவு நேராக வந்து நின்றது. இல்லை என்று சொல்லவேண்டும். இல்லை மேடம், வழியே கிடையாது, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தினமும் உரிக்கிறார்கள், உரிக்க வைத்தது நான், எனக்கு இது முதல் நாளே தெரியும். நாலு வாக்கியம். மனசுக்குள் வரிசையாக நின்றன. அதோடு சேர்ந்து வேறொரு வரிசையும் நின்றது: எப்படித் தெரியும் என்பார், லைனில் இருந்தேன் என்று சொல்லவேண்டும், பயோடேட்டா பொய் என்று சுபாஷுக்குத் தெரியும், ப்ராஜெக்ட் போகும், சோழிங்கநல்லூர் போகும். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஆபத்து வருமே என்றும் ஒரு எண்ணம் கடைசியில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. பார்க்க நல்லெண்ணம் மாதிரியே இருந்தது அது.

"வழி இருக்கு மேடம்" என்றான். "சூப்பர்வைசர்கிட்ட சொன்னா அவங்க ஸ்க்ரீன்ல கையால போட்டுக்கலாம்."

அப்படி ஒரு பொத்தான் இருந்தது உண்மை. வரைந்து வைத்திருந்தான், வேலை செய்ய வைக்கவில்லை. அவனுடைய வேலைப் பட்டியலில் 'அடுத்த கட்டம்' என்ற தலைப்பில், பதினேழாவது வரியில் இருந்தது.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னியாம்மா?"

"இல்ல மேடம்."

"ஏன் சொல்லல?"

சுகப்பிரியா அவனை இரண்டாவது முறையாகப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தேர்வில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு கேள்வி வந்துவிட்டதுபோல குழம்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். "தெரியல மேடம்" என்றாள்.

கேட் பாஸை மேசைமேல் வைக்கச் சொன்னார் கலைமதி. திங்கட்கிழமை முடிவு சொல்கிறோம், அதுவரை வரவேண்டாம், பெரும்பாலும் காண்டிராக்டருக்கே திருப்பி அனுப்பும்படித்தான் இருக்கும் என்றார். காண்டிராக்டர் திருப்பி எடுத்துக்கொண்டால் ஹாஸ்டல் கட்டிலும் போகும் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அவள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றும்போது நாடா கொண்டையில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்து, நாடாவை ஒழுங்காகச் சுற்றி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். "தேங்க்ஸ் அருள், ரொம்பத் தெளிவா சொன்னீங்க" என்றார் கலைமதி.

படிகளில் ஓடாத குறையாக இறங்கி கேட்டுக்கு வந்தான். போனை நீட்டினான். தணிகாசலம் அதைக் கையில் வாங்கவே இல்லை. "வெளியதான போறீங்க, நீங்களே உரிச்சிக்குங்க சார்" என்று சிரித்தார்.

வெளியே சாலையோரம் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில், கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதிக்குத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் நின்றிருந்தாள். என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமலே கிட்டே போனான். அவள்தான் முதலில் பேசினாள்.

"நல்லாருக்கியளாண்ணே? ஆளே மாறிட்டிய."

"சுகா..." என்றான்.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடலண்ணே, தப்பா எடுத்துக்கிடாதிய. நீங்க நம்ம லைன்ல இருந்த ஆளுன்னு தெரிஞ்சா, எனக்காவ பேசுதியன்னு நெனச்சிருவாவ. உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரக்கூடாதுல்லா."

அவன் சாலையைப் பார்த்தான். ஒரு லாரி, பின்னால் இன்னொரு லாரி. "எல்லாரும்தான் உரிக்காங்கன்னு நீ ஏன் சொல்லல?" என்று கேட்டான். கேட்கும் யோக்கியதை தனக்கு உண்டா என்று வாய் யோசிக்கவில்லை.

"சொன்னா எல்லாத்துக்கும் இதே கதிதானண்ணே? என் ஒருத்தியோட போகட்டும்." துப்பட்டாவை இறக்கினாள். "நீங்களும் அதுக்குத்தான சொல்லாம விட்டிய? எனக்கு அப்பவே புரிஞ்சிட்டு."

அருள்பாண்டிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. தன் அழுக்கை எடுத்து அவள் துவைத்துக் காயப்போட்டுக் கையில் தருகிறாள். வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, இல்லை என்று தட்டிவிடவும் நாக்கு எழவில்லை. தலையை ஆட்டினானா, ஆட்டாமல் நின்றானா என்று அவனுக்கே பிறகு நினைவில்லை. ஆட்டியிருப்பான் என்றுதான் பயம்.

"அந்த வெப்சைட் நீங்க பண்ணதாண்ணே? அப்பம் எழுதிக்கிட்டே இருப்பியளே, அதா? பச்சக் கலர்ல சுத்தி டிக் வரும்போது அழகா இருக்கும். எங்க ரூம்ல எல்லாரும் சொல்லுவோம்." ஆட்டோ வந்து நின்றது. ஏறப்போனவள் ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள். "அந்த சூப்பர்வைசர் பட்டன் எங்க இருக்குண்ணே? எங்க சூப்பர்வைசர்கிட்ட மொதநாளே கேட்டோம், அப்படி ஒண்ணும் இல்லன்னுட்டாரே. அவருக்குச் சொல்லிக் குடுங்க. மத்த புள்ளைகளுக்காவது ஒதவும்."

சிங்கப்பெருமாள் கோவில், சிங்கப்பெருமாள் கோவில் என்று கூவிக்கொண்டே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். ஆறு பேருக்கு நடுவில் அவள் முகம் தெரியவில்லை.

மாடியறைக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. சுபாஷ் பேக்கரியிலிருந்து டீ வரவழைத்து வைத்திருந்தார். "மேடம் போன் பண்ணாங்கபா. உன்னப் பத்தி ஒரே புகழ்ச்சி. கலக்கிட்ட போ" என்றார். அருள்பாண்டி டீயைத் தொடாமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். பழைய நோட்டைத் தேடி எடுத்தான். இடது பக்கத்தின் இரண்டாவது வரியை அவன் பேனாவால் ஒரு தரம் அடித்து, திருப்தி வராமல் திரும்ப அடித்து, காகிதமே ஓட்டையாகும்படி அடித்திருந்தான். இருந்தும் 'ஸ்டிக்கர்' என்ற சொல் படிக்கத் தெரிந்தது.

இடது பக்கத்தில் இருந்ததைக் கட்ட ஆரம்பித்தான். ஒரு வெள்ளைப் பக்கம். மேலே பஸ்ஸின் எண். நடுவே ஒரு கட்டம், அதில் டோக்கன் நம்பர். கீழே 'ஏறிவிட்டேன்' என்று ஒரு பொத்தான். அசைவு கிடையாது, சுழற்சி கிடையாது, கேமரா கிடையாது. இரண்டு மணி நேரம் ஆனது, இரண்டே இரண்டு மணி நேரம். வரைபடத்துக்கும் பச்சை டிக்குக்கும் மூன்று மாதம் எடுத்துக்கொண்டவனுக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. சுபாஷ் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "இன்னாபா இது, சொத்தைன்னு கீது? பழைய காலத்து சைட்டு மாரி?"

"சொல்றேன் சார். ஒரு போன் பேசிட்டு உங்ககிட்டதான் சொல்லணும்" என்றான். அவன் குரலைக் கேட்டு சுபாஷ் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். 4486 என்று அடித்தான். விரலை எடுப்பதற்குள் பெயர் வந்தது. சுகப்பிரியா, லைன் மூன்று. பக்கத்திலேயே, மதியம்தான் யாரோ மாற்றியிருக்கவேண்டும், 'நிறுத்திவைப்பு' என்று சிவப்பில் இருந்தது. அவன் அதை வெகுநேரம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

போனை எடுத்து கலைமதியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் கவிழ்த்தான். பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது, உரிக்க மறந்துபோயிருந்தான். ஒரு மூலை லேசாகக் கிளம்பியிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. அடித்து முடிவதற்குள் ஏதாவது செய்தாகவேண்டும்போல இருந்ததால், திரையில் கட்டத்தைக் காலியாக்கி 4471 என்று அடித்தான்.

'இந்த எண்ணில் யாரும் இல்லை' என்றது பக்கம். அவனே எழுதிய வாசகம்தான்.

மணி நின்றது. "ஹலோ, சொல்லுங்க" என்றது கலைமதியின் குரல். கதவருகில் சுபாஷ் டம்ளரோடு நின்றிருந்தார். அருள்பாண்டியின் வாய் திறந்தது. "ஹலோ? யார் பேசறது?" என்று அந்தக் குரல் இன்னொரு முறை கேட்டது. அவன் கட்டைவிரல் தானாகப் போய், கிளம்பிய மூலையை அழுத்திப் பிடித்தது.